புஜத்துக்குள் தங்கமா?

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். கோவிந்தனுக்குக் கனம் மடியில் இல்லை, இரண்டு புஜத்திலும் இருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நேற்று ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்தவனை, சாம்பியன் ரீப்ஸ் சுரங்க ஷாஃப்ட் வாசலில் சோதனை போடும் காத்தவராயன் தடவிப் பார்த்தான். சட்டைப்பையில் பீடியைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் தோலுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. இடது புஜத்தில் ஒரு கட்டி, வலது புஜத்தில் ஒரு கட்டி, இரண்டும் கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டி. வேறு ஊராக இருந்தால் வைத்தியரிடம் போ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். இது கோலார் பக்கம் தங்கம் எடுக்கிற ஊர். வாயில், செருப்பில், சொல்லக் கூசுகிற இடத்தில் எல்லாம் தங்கம் வைத்துக் கடத்தியவர்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. தோலைக் கீறி உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டான் ஒருத்தன் என்றால் இங்கே யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள், 'எவ்வளவு?' என்றுதான் கேட்பார்கள்.

கோவிந்தனின் மனைவி கங்கம்மா, ராபர்ட்சன்பேட்டை நாராயணசாமி ஜவுளிக்கடை மாடியில் இருந்த துப்பறியும் நிலையத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லி முடித்தபோது காலைக் காபி நேரம்கூடத் தாண்டவில்லை. எதிரே துப்பறிபவர் மரியகுழந்தை பெப்பர்மிண்ட் சப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோலார் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து, பொய்ச்சாட்சி கேட்டுக் கேட்டுக் காது புளித்து வேலையை விட்டவர். பக்கத்தில் அவருடைய உதவியாளர் ஐடா, நோட்டும் பென்சிலுமாக. ஐடாவுக்கு வாயும் நீளம், சந்தேகமும் நீளம்.

"மத்தியானம் அறுக்கறாங்களாம் சார்," என்றாள் கங்கம்மா. "ஆண்டர்சன்பேட்டை நர்சிங் ஹோம்ல காவல் போட்டுப் படுக்க வெச்சிருக்காங்க. ரெண்டு கையும் தொறந்து பாப்பாங்களாம். தங்கம் இருந்தா ஜெயிலு. இல்லன்னா தச்சி அனுப்பிடுவாங்களாம். தச்சா கை பழையபடி வருமா? டிரில்லு புடிக்கிற கை சார் அது. அதுதான் எங்க வூட்டுச் சோறு."

"தங்கம் இல்லன்னா உள்ள இன்னாதான் கீது?" என்றாள் ஐடா.

"என்கிட்டயே சொல்ல மாட்டேங்கறாரு. தானா வந்துச்சின்றாரு."

ஐடா புருவத்தை உயர்த்தினாள். கட்டின மனைவியிடமே சொல்லாத விஷயத்தில் யோக்கியம் எங்கிருந்து வரும் என்பது அவள் கட்சி. மரியகுழந்தையோ சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"அவருக்கு சட்டை எப்போம்மா தச்சது?"

"போன தீபாவளிக்கு. இப்போ போட முடியல சார், கை நொழையல."

"எந்தக் கை?"

"ரெண்டு கையுந்தான். மாரிகுப்பம் ஆணழகன் போட்டிக்கு முன்னாடியே அப்படி ஆயிட்டுது. தாலிம் கூடத்துல கர்லாக்கட்டை சுத்திக் கஷ்டப்பட்டு ஏத்தினாருன்னு நானும் பெருமையா இருந்தேன். பட்டமும் அவருக்குத்தான் குடுத்தாங்க."

மரியகுழந்தை பெப்பர்மிண்டைக் கடித்து முழுங்கிவிட்டு எழுந்தார். "நீ நர்சிங் ஹோமுக்குப் போம்மா. நாங்க பின்னாலேயே வர்றோம்."

ஐடா லாம்பிரெட்டா ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாள். மரியகுழந்தை பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கொலைகாரனுக்குப் பயப்படாத மனிதர், ஐடா வண்டி ஓட்டினால் மட்டும் மாதாவைக் கூப்பிடுவார்.

"சட்டைக் கதை எதுக்கு சார்?"

"நீ ரோட்டைப் பாரு. திருடன் ஒளிச்சா ஒரு எடத்துல ஒளிப்பான் ஐடா. ரெண்டு பக்கமும் சமமா பங்கு பிரிச்சி வெச்சிகினா அது திருட்டு இல்ல. அலங்காரம்."

"காதுல தோடு மாதிரின்றீங்க."

"அதேதான். தங்கத்தை யாரும் அந்த மாதிரி கடத்த மாட்டான். கல்யாணப் பொண்ணைத் தவிர."

ஐடா சிரித்தாள். ஆனால் சந்தேகம் போகவில்லை. அலங்காரம் என்றால் ஆள் ஏன் வாயைத் திறக்காமல் கிடக்கிறான்?

நர்சிங் ஹோம் டாக்டர் ஏகநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே பேசுகிறவர். மறைக்க ஏதாவது இருந்தால்தான் ஒரு மனிதன் கண்ணாடியை இத்தனை தரம் துடைப்பான் என்று ஐடா அவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

"தங்கம் இல்ல," என்றார் அவர். "எக்ஸ்ரே எடுத்தாச்சு. தங்கம்னா காசு மாதிரி வெள்ளையா, ஓரம் வெட்டினாப்ல தெரியும். இது மேகமூட்டம் மாதிரி இருக்கு. சுரங்கத்துக் காவல் அதிகாரி ஒத்துக்க மாட்டேங்கறார். பொடியை மெழுகுல பிசைஞ்சு வெச்சிருப்பான், தொறந்து காட்டுங்கன்னு நிக்கறார்."

"நீங்க இன்னான்னு நினைக்கறீங்க?" என்றார் மரியகுழந்தை.

"சிலிகோன். கண்ணாடி மாதிரி தெளிஞ்ச, கெட்டியான எண்ணெய். மெஷினுக்குப் போடறது. அதை ஊசில ஏத்திச் சதைக்குள்ள விட்டா சதை உப்பி நிக்கும். நான் பம்பாயில படிக்கறப்போ ஒரு பொண்ணு வந்தா, சினிமாவுல நடிக்கணும்னு ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கிட்டவ. பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான்."

"குரங்காயிட்டாளா?" என்றாள் ஐடா.

"குரங்குக்காவது முகம்னு ஒண்ணு இருக்கும்மா," என்றார் டாக்டர்.

அதற்குள் கம்பவுண்டர் ஆர்தர் காபி கொண்டுவந்து வைத்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, ஞாயிற்றுக்கிழமைக் கோயில் வாசலில் நின்று எல்லோரையும் விசாரிக்கிற முகம். "எங்க லைன் வீட்டுப் பையன் சார்," என்றார் குரல் தழுதழுக்க. "சீக்கிரம் முடிச்சிட்டா அவனுக்கும் நிம்மதி. விடியக்காலையே எல்லாம் ரெடி பண்ணிட்டேன்."

"இவர் இல்லாட்டி எனக்கு ஒரு வேலையும் ஓடாது," என்றார் டாக்டர். "மயக்க மருந்து குடுக்கறதுகூட இவர்தான்."

மரியகுழந்தை காபியை எடுத்தார். "ஊசியில போனதை ஊசியிலேயே உறிஞ்சி எடுக்க முடியாதா டாக்டர்?"

"எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. ஒரே எடத்துல பை மாதிரி தேங்கி நின்னா கொஞ்சம் வரும். ஆனா அது துளித்துளியா சதைக்குள்ள பூந்துடுது. ஒவ்வொரு துளியைச் சுத்தியும் ஒடம்பு ஓடு கட்டிடும். சின்னதா கீறிச் சுரண்டலாம், மேலாகக் கிடக்கறது வரும், மிச்சம் உள்ளயே நிக்கும். இல்ல, கெட்டிச்ச சதையோடவே சேர்த்து அகலமா வெட்டி எடுக்கணும். அதுல பெரும்பாலும் போயிடும், ஆனா புஜத்துல நரம்பு ஓடுது. கை தூக்க வராம போனாலும் போகும்."

"தொடாமலே விட்டா?"

"வலிக்காத கட்டின்னா விட்டுடலாம். அதுவும் ஒரு வைத்தியம்தான். இங்க சிக்கல் என்னன்னா, உள்ள போனது சுத்தமான சிலிகோனா, கலப்படமான்னு எனக்குத் தெரியணும். நகராம ஒட்டிக்கணும்னு வேற எண்ணெய் கலக்கறவங்க உண்டு. கலந்திருந்தா அது சும்மா இருக்காது, வேர் விட்டுக்கிட்டே போகும், அகலமா வெட்டித்தான் ஆகணும். இடது கை சிவந்து சுடுது, நாளைக்குன்னு தள்ள முடியாது. வலது கை ஆறிக் கிடக்கு, ஆனா அதுலயும் அதே சரக்குதான்னா இன்னைக்கோ நாளைக்கோ பொங்கும். தெரியாதப்போ ரெண்டையும் வெட்ட வேண்டியதுதான்."

"போட்டவன் யாருன்னு அவன் சொல்லிட்டா?"

"அந்த வலது கையாவது பிழைக்குமான்னு சொல்லிடுவேன். அவன்தான் ஊசியே போட்டுக்கலைன்றானே."

கோவிந்தன் கிடந்த அறை வாசலில் காவல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே கங்கம்மா சுவரோரம் நின்றாள். கோவிந்தன் அழகன்தான், பட்டம் பொய்யில்லை. ஆனால் முகம் செத்திருந்தது. இரண்டு புஜத்தையும் அறுவைக்காக மழித்திருந்தார்கள். இடது புஜம் தீயில் காட்டியது போலச் சிவந்திருந்தது. விரித்த போர்வைக்கு வெளியே நீண்ட கால்களில் நல்ல அடர்த்தியாக ரோமம், கெண்டைக்காலில் மட்டும் உள்ளங்கை அளவுக்குப் பளபளவென்று வழுக்கை. இரண்டு காலிலும்.

"ஆணழகன்னா கெண்டைக்கால் வரைக்கும் சோக்கு பண்ணுவாங்க போல," என்றாள் ஐடா.

யாரும் சிரிக்கவில்லை. கூடவே வந்த ஆர்தர் மட்டும் சிரித்துவிட்டு, "ஈ மொய்க்கும்," என்று போர்வையை இழுத்துக் காலை மூடினார்.

மரியகுழந்தை கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "ஊசி போட்டது யாரு தம்பி?"

"யாரும் போடல. தானா வந்துச்சி."

"கை போயிடும்னு டாக்டர் சொல்றாரு."

கோவிந்தனின் கண் மரியகுழந்தையின் தோளைத் தாண்டி வாசல் பக்கம் போய் நின்றது, பிறகு உத்தரத்துக்குப் போனது. அவன் பயப்படுகிறான் என்பது ஐடாவுக்கு நன்றாகவே தெரிந்தது. வாசலில் காவல்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். சுரங்கத்து ஆட்களுக்குத்தான் பயப்படுகிறான் என்று ஐடா முடிவு கட்டினாள். ஆக, சோதனை போட்ட காத்தவராயன்தான் ஆள்.

அந்த முடிவு சாம்பியன் ரீப்ஸ் போய்ச் சேருவதற்குள் இன்னும் கெட்டிப்பட்டது. ஆணழகன் போட்டியில் இரண்டாவதாக வந்தவன் இதே காத்தவராயன்தான் என்று கங்கம்மா வழியனுப்பும்போது சொல்லியிருந்தாள்.

காத்தவராயன் ஷாஃப்ட் வாசலில் மலை மாதிரி நின்றான். ஐடா ஸ்கூட்டரை நிறுத்தும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ரெண்டாவதா வந்தவரு நீங்கதானே? தோத்த வயித்தெரிச்சல்ல போட்டுக் குடுத்தீங்களா?"

"இன்னாம்மா பேசற நீ. இது களி தின்னு வந்த ஒடம்பு," என்று அவன் சட்டைக் கையைச் சுருட்டினான். "வேணும்னா அழுத்திப் பாரு."

"எனக்குக் கல்யாணம் ஆவணும். வேணாம்."

மரியகுழந்தை குறுக்கே புகுந்தார். "தினமும் அவனைத் தடவறே. இத்தனை நாளா தெரியாத கட்டி நேத்து மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சி?"

காத்தவராயன் தலையைச் சொறிந்தான். "பட்டம் வாங்கின புஜம் சார், கெட்டியாத்தான் இருக்கும்னு விட்டுட்டிருந்தேன். நேத்து டைம் ஆபீசுக்கு போன் வந்துச்சி. நான்தான் எடுத்தேன். ஆம்பளக் கொரலு. கோவிந்தன் தோலுக்குள்ள தங்கம் வெச்சிகினு போறான், ரெண்டு புஜத்தையும் ரெண்டு கெண்டைக்காலையும் அழுத்திப் பாருன்னு சொல்லிட்டு வெச்சிட்டான்."

"கெண்டைக்கால்ல இருந்துச்சா?"

"நல்லா அழுத்திப் பாத்தேன். ஒண்ணும் இல்ல, சாதாரணமாத்தான் இருந்துச்சி."

"அதை மேல சொன்னியா? ஆபீசருக்கு, டாக்டருக்கு?"

"இல்லாததை எதுக்கு சார் சொல்றது? கை ரெண்டுல கட்டி இருக்குன்னு மட்டும் சொன்னேன். யாரோ போன்ல சொன்னான்னா, நீயே புடிச்சதில்லையான்னு கேப்பாங்க. என் பேரு போவும்." கடைசி வாக்கியத்தை அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

திரும்பி வரும்போது மரியகுழந்தை மாதாவைக் கூப்பிடவே இல்லை. அவர் மௌனமானால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

"ஐடா, காலையில அந்த ரூம்ல இன்னா பாத்து ஜோக்கடிச்சே?"

"அவன் கெண்டைக்காலை. வழவழன்னு மழிச்சிகினு..."

பிரேக் அவளை அறியாமலே விழுந்தது. பின்னால் வந்த ஜட்கா வண்டிக்காரர் கன்னடத்தில் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"போட்டிக்காக மழிச்சிருப்பான்னு நினைச்சேன் சார்," என்றாள் ஐடா மெல்ல.

"போட்டி முடிஞ்சு மாசக்கணக்கா ஆச்சு. அந்த வழுக்கையில கத்தி பட்ட கீறல் ஒண்ணு இன்னும் ஈரமா இருந்துச்சி. சீக்கிரம் ஓட்டு. இன்னைக்கு ஒரு நாள் எவ்வளவு வேகமா வேணா ஓட்டு."

அவர்கள் போய் நின்றபோது அறுவை அறைக் கதவு திறந்திருந்தது. டாக்டர் ஏகநாதன் கை கழுவிக்கொண்டிருந்தார். ஆர்தர் கோவிந்தனின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்திலேயே கங்கம்மா, பின்னால் காவல்காரர். மரியகுழந்தை மூச்சு வாங்கிக்கொண்டு நடுவில் போய் நின்றார்.

"டாக்டர், ஒரே கேள்வி. கால்ல எந்த எடத்துல வெட்டப் போறீங்க?"

"காலா? கால்ல என்ன இருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்." போர்வையை விலக்கினார். "இதை யாரு மழிக்கச் சொன்னது?"

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கண்ணாடியைத் துடைக்கவில்லை. "ஆர்தர், புஜம் ரெண்டும்னுதானே சொன்னேன்?"

"சும்மா சுத்தத்துக்கு டாக்டர். இருக்கட்டுமேன்னு..."

"சுத்தம்னா முழங்கால் இன்னா பாவம் பண்ணிச்சி?" என்றாள் ஐடா. "உள்ளங்கை அளவு, அதுவும் ரெண்டே எடம்."

"போன் பண்ணினவனுக்கும் அதே நாலு எடம் தெரியும்," என்றார் மரியகுழந்தை. "புஜத்துல கட்டி இருந்துச்சி, சரி. கால்ல தடவினவனுக்கே ஒண்ணும் தட்டுப்படல. டாக்டருக்குத் தெரியாது. பொண்டாட்டிக்குத் தெரியாது. வெளிய தெரியாத எடத்தைத் தெரிஞ்சவன் அங்க ஊசி குத்தினவன் ஒருத்தன்தான். விடியக்காலையில கத்தியை எடுத்ததும் கை தன்னால அந்த எடத்துக்குப் போயிடுச்சி, இல்லையா ஆர்தர்?"

"எதுக்குங்க நான் போன் பண்ணணும்? இவன் எனக்கு என்ன பகையா?"

"கை சிவந்துபோச்சி. இவன் வெளிய சொன்னா உங்க பொழப்பு போச்சி. தங்கம்னு ஒரு வார்த்தை போட்டா போதும், சுரங்கமே நின்னு அறுக்கச் சொல்லும். அறுத்து, தங்கம் இல்லைன்னு பக்கெட்டுல கொட்டிடுவாங்க. உள்ள என்ன இருந்துச்சின்னு எவனும் கேக்க மாட்டான். அதுவும் டாக்டர் கையாலயே."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அதைக் கேட்ட கங்கம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஆர்தர் அசையவில்லை. அவர் முகத்தில் இன்னும் அந்தக் கோயில் வாசல் சிரிப்பு இருந்தது.

"எனக்கு எதிரா இவ்வளவு பேசறீங்களே, அவனையே கேளுங்க. நான்தான் போட்டேன்னு அவன் வாயால சொல்லட்டும்."

எல்லோரும் கோவிந்தனைப் பார்த்தார்கள். கோவிந்தன் கண்ணை மூடிக்கொண்டான். "தானா வந்துச்சி," என்றான்.

அவ்வளவுதான், கோட்டை கவிழ்ந்தது. மரியகுழந்தை மட்டும் ஆர்தரைப் பார்க்காமல், கோவிந்தனைப் பார்க்காமல், டாக்டரைப் பார்த்தார்.

"டாக்டர், எனக்கு ஒரு வாக்கு வேணும். இன்னைக்கு இந்த அறைக்குள்ள ஆர்தர் காலை வைக்க மாட்டார்னு சத்தமா சொல்லுங்க."

டாக்டர் ஆர்தரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முகம் வெளுத்தது. "வைக்க மாட்டார்," என்றார். "இன்னைக்கு மட்டும் இல்ல."

கோவிந்தன் கண்ணைத் திறந்தான்.

"நெசமாவா டாக்டர்?"

"நெசம்தாம்பா."

"இவன்தான்." வலது கையால் ஆர்தரைக் காட்டினான். "நேத்து என்னைக் கொண்டாந்து படுக்க வெச்சதும் காதுல வந்து சொன்னான். மயக்க மருந்து மூக்குல வெக்கறது நான்தான், நீ வாயைத் திறந்தே, அப்புறம் நீ கண்ணைத் திறக்க மாட்டேன்னான். அதான் கங்கா உன்கிட்டகூட சொல்லல. நீ கத்தி ஊரைக் கூட்டிடுவே. அப்புறமும் இவன் கையிலதானே நான் படுக்கணும்?"

ஆர்தர் பின்னால் ஒரு எட்டு வைத்தார். முதுகு காவல்காரர் மேல் இடித்தது. நேற்றிலிருந்து இந்த வாசலில் கோவிந்தனைக் காத்துக்கொண்டிருந்த அந்த மனிதர், ஆர்தரின் தோளைப் பிடித்துத் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார்.

டாக்டர் கட்டில் அருகே குனிந்தார். "உள்ள போனது என்னன்னு சொல்லு. எல்லாம் ஒரே பாட்டிலா?"

"முதல்ல கெண்டைக்கால்ல, கொஞ்சமா, ஆழமா. அப்பறம் வலது கை. தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சி. இடது கைக்கு வர்றப்போ தீந்துபோச்சி. வெளக்கெண்ணெயை ஊத்தி ஆட்டினான். பஞ்சுல தொடச்சப்போ வாசனை வந்துச்சி. இன்னா இதுன்னு கேட்டேன். இது நல்லா ஒட்டும்னான்."

டாக்டர் நீண்ட மூச்சு விட்டார். "அப்போ இடது கையில இருக்கறதை மட்டும் எடுக்கறேன். கொஞ்சம் அகலமாத்தான் வெட்டணும், பழைய பலம் முழுசா வரும்னு பொய் சொல்ல மாட்டேன். வலது கையையும் காலையும் தொட வேண்டாம். மாசா மாசம் வந்து காட்டினா போதும்."

"டிரில்லு புடிக்கறது வலது கைல சார்," என்றாள் கங்கம்மா. அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.

"ஒரு கைன்னா மயக்கமே வேண்டாம்," என்றார் டாக்டர். "தோள்ல ஒரு ஊசி போட்டா கை மரத்துடும். நீ முழிச்சிக்கிட்டே இருக்கலாம்."

கோவிந்தனின் உடம்பு விறைத்தது. "ஊசியா?"

டாக்டர் அலமாரியைத் திறந்து, மூடி உடைக்காத மருந்துப் புட்டி ஒன்றை எடுத்துவந்து கோவிந்தனின் வலது கையில் வைத்தார்.

"நீயே பாரு. நீ சரின்னு சொன்னாத்தான் உடைப்பேன்."

கோவிந்தன் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். திருப்பினான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான், மூடியிருந்த புட்டியில் என்ன வாசனை வரும். கங்கம்மாவிடம் நீட்டினான், அவளும் பார்த்தாள். பிறகு அதை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிவந்துபோன இடது கையை மெல்ல அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.